மலைமேல் மண் சுமந்தவர்கள்



சென்ற மழைக்காலத்தில் எங்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் இருக்கும் மேடு சரிந்தது. நல்ல வேளையாகப் பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு நடந்ததால் யாருக்கும் அடியில்லை. மேட்டைத் தாங்குவதற்கென்று ஒரு குத்தகைக்காரர் கட்டிக் கொடுத்த சிமெண்டுச் சுவர் இருந்தது. பார்வைக்கு அழகான சுவர்தான். அது நடுவில் வயிறு தள்ளி, ஓரிடத்தில் வெடித்து, சேற்றைக் கக்கிக்கொண்டு நின்றது.

மறுநாள் பேரனை அழைத்துப் போக வந்த ஒரு பாட்டி அந்தச் சுவரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "சார், இதுக்குத் தண்ணி போக வழியே வைக்கலையே. உள்ள தேங்குன தண்ணி எங்க போவும்? சுவத்தைத்தான் தள்ளும்."

அந்தப் பாட்டி பள்ளிக்கூடம் போனவர் அல்லர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேட்டுத் தீம்பாரில் கான் வெட்டியவர். செம்பனைக் கன்று வைப்பதற்காகச் சரிவில் படி வெட்டியவர். சில நாள் கழித்து வந்த பொறியாளரும், பல பக்க அறிக்கை எழுதியபின், பாட்டி சொன்னதைத்தான் சொன்னார்.

பாட்டி சொன்ன அந்த ஒரு வாக்கியத்தின் மேல் ஒரு பள்ளத்தாக்கே பல நூறு ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கிறது. அது நம் நாட்டில் இல்லை; இத்தாலியின் வடகோடியில், சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டி, ஆல்ப்ஸ் மலைகளின் நடுவே இருக்கிறது. பெயர் வால்தெல்லீனா. அங்கே செங்குத்தான மலைச்சரிவில் திராட்சை பயிரிடுகிறார்கள். அந்தத் திராட்சையிலிருந்து மது செய்கிறார்கள்.

"மதுவைப் பற்றியா எழுதப் போகிறார்?" என்று தாய்மார்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. கள்ளும் சம்சுவும் நம் லயங்களில் எத்தனை அடுப்புகளை அணைத்தன என்பதை நான் அறியாதவன் அல்லன். 1940-களில் கெடா மாநிலத் தோட்டங்களில் கள்ளுக்கடைகளை எதிர்த்துத் தொண்டர் படை எழுந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவன் நான். ஆகவே குடிப்பவனின் கதை இங்கே வராது. வரப்போவது மலைமேல் மண் சுமந்தவனின் கதை. அது நமக்கு அந்நியமான கதையன்று.

பள்ளத்தை விட்டு மேட்டுக்குப் போனது ஏன்?

வால்தெல்லீனாவின் நடுவே அத்தா என்னும் ஆறு ஓடிக் கோமோ ஏரியில் கலக்கிறது. ஆல்ப்ஸ் மலையின் பள்ளத்தாக்குகளில் பல வடக்குத் தெற்காக அமைந்தவை. திராட்சை விளையும் இந்தப் பகுதியோ கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. அதனால் ஆற்றின் வடகரை மலை முழுவதும் தெற்கு நோக்கி நிற்கிறது. பூமத்திய ரேகைக்கு வடக்கே, 46 பாகைக்கு அருகில் உள்ள நாடு அது. அங்கே சூரியன் எப்போதும் தெற்குப் பக்கமாகச் சாய்ந்தே போகும். தெற்கு நோக்கிய சரிவுக்குத்தான் வெயில் முழுமையாகக் கிடைக்கும். எதிர்க்கரை மலையில் காடுதான் மிகுதி.

ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்த வடகரைச் சரிவில் திராட்சைப் படிகள் அடுக்கடுக்காக ஏறுகின்றன. கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டரில் தொடங்கி, 700 மீட்டருக்கும் சில இடங்களில் அதற்கு மேலும் போகின்றன. சுவிட்சர்லாந்தின் விஸ்பர்தெர்மினென் என்ற ஊரில் 1,100 மீட்டருக்கு மேலும் திராட்சைத் தோட்டம் உண்டு. கேமரன் மலையில் 1,500 மீட்டர் உயரத்தில் தேயிலை கண்ட நமக்கு இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் நம் மலையில் பனி உறைவதில்லை. அங்கே ஒவ்வொரு 100 மீட்டர் ஏறும்போதும் வெப்பம் அரைப் பாகைக்கு மேல் குறையும். குளிர்காலத்தில் கொடியின் மேல் பனி படிந்து கிடக்கும். அந்த நாட்டுக்கு அது பெரிய உயரம்.

அப்படியானால் சமமான பள்ளத்திலேயே நட்டிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். இரவில் குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தில் இறங்கித் தேங்கும். வசந்த காலத்தில் ஒரே இரவு உறைபனி போதும், இளந்தளிர் கருகிப்போகும். பள்ளத்தில் ஆற்று வெள்ளமும் ஈரமும் வேறு. சரிவிலோ குளிர்க்காற்று நிற்காமல் கீழே வழிந்துவிடும்; மழைநீரும் வேரில் நிற்காது. பகலில் வெயிலை வாங்கிச் சூடேறிய கல், இரவில் அந்தச் சூட்டைக் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கும். பிற்பகலில் கோமோ ஏரிப் பக்கமிருந்து 'பிரேவா' என்ற காற்று வீசி இலையின் ஈரத்தை உலர்த்தும். அங்கே ஒரு பகுதிக்கு 'இன்ஃபெர்னோ' என்றே பெயர். நரகம் என்று பொருள். கோடையில் அந்தக் கல் படிகளில் நின்று வேலை செய்தவர்கள் வைத்த பெயராக இருக்க வேண்டும். நிழலில் உட்கார்ந்தவர் வைக்கக்கூடிய பெயரா அது?

அங்கே விளையும் கருந்திராட்சை வகைக்கு நெபியோலோ என்று பெயர். ஊர் வழக்கில் கியாவென்னாஸ்கா. பழுக்க நெடுநாள் எடுக்கும் சாதி. பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறிப் படுவதால் பழத்தில் இனிப்பும் புளிப்பும் ஒருங்கே நிற்கும். அறுவடை பெரும்பாலும் அக்டோபரில்தான்.

சிமெண்டு இல்லாத சுவர்

வெயில் இருக்கிறது, காற்று இருக்கிறது, சரி. மண்? மண் அங்கே இல்லை! சரிவு முழுவதும் பாறை. மண் இருந்த இடத்திலும் மழை அதை அடித்துக்கொண்டு போய்விடும்.

அந்தக் குடியானவர்கள் பாறையை உடைத்தார்கள். உடைத்த கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். சுவருக்குப் பின்னால் கல்லும் சல்லியும் இட்டு நிரப்பி, அதன்மேல் கீழேயிருந்து சுமந்து வந்த மண்ணைக் கொட்டினார்கள். ஒரு படி ஆயிற்று. அதற்கு மேல் இன்னொன்று, அதற்கு மேல் இன்னொன்று. தொலைவிலிருந்து பார்ப்பவர் 'என்ன அழகான மலை!' என்பார். மனிதக் கை கட்டிய மலை அது.

இந்தப் பள்ளத்தாக்கில் உள்ள கற்சுவர்களை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை ஏறக்குறைய 770 கிலோமீட்டர். புக்கிட் காயு ஈத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை போய், திரும்பி, மறுபடியும் போனாலும் அந்தச் சுவர் முடியாது.

இத்தனை சுவரிலும் வழக்கப்படி சுண்ணாம்போ சிமெண்டோ கிடையாது. கல்லின் மேல் கல். பெரிய கல் அடியில். ஒவ்வொரு கல்லும் கீழே உள்ள இரண்டு கல்லின் மேல் உட்கார வேண்டும். மேலும் கீழும் இடுக்கு நேர்க்கோட்டில் வரக்கூடாது. இடையிடையே நீளக் கல்லை உள்நோக்கிச் செருகிச் சுவரை மண்ணோடு பூட்ட வேண்டும். சுவர் செங்குத்தாக நிற்காமல் மேட்டின் பக்கமே சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். பின்னால் சல்லி.

பூசாமல் விட்டது ஏழ்மையால் மட்டுமல்ல. பெய்த மழை மண்ணில் இறங்கி, சல்லியில் வடிந்து, கல் இடுக்கு வழியே வெளியே கசிய வேண்டும். பூசி அடைத்துவிட்டால் நீரின் பாரம் சுவரைத் தள்ளும். நம் பாட்டி சொன்னது இதுதான். 2018-ல் ஐ.நா.வின் யுனெஸ்கோ நிறுவனம், இந்தப் பூச்சில்லாக் கற்சுவர் கட்டும் கலையை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. இத்தாலி, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், ஸ்பெயின் உள்ளிட்ட எட்டு நாடுகள் சேர்ந்து கேட்டுப் பெற்ற மரியாதை அது.

முதுகுக் கூடை

சுவர் கட்டினால் வேலை முடிந்ததா? இல்லை. ஒவ்வொரு மழைக்கும் மேற்படி மண் கொஞ்சம் கீழ்ப்படிக்கு இறங்கும். அதைக் கூட்டி அள்ளி, முதுகில் மாட்டிய கூடையில் சுமந்து மறுபடியும் மேலே கொட்ட வேண்டும். அந்தக் கூடைக்கு 'ஜெர்லா' என்று பெயர். ஆண்களும் பெண்களும் அதைச் சுமந்தார்கள். எருவும் அதில்தான் ஏறியது. பறித்த திராட்சையும் அதில்தான் இறங்கியது.

குளிர்காலத்தில் கொடியைக் கழித்துவிட வேண்டும். பிறகு சரிந்த சுவரைச் செப்பனிட்டு, கொடியை வளைத்துக் கட்ட வேண்டும். கோடையில் வீண் தளிரைக் கிள்ளி, மருந்தடித்து, புல் வெட்ட வேண்டும். பிறகு பறிப்பு. டிராக்டர் ஏறாத இடம் என்பதால் அத்தனையும் கைவேலை.

என் மாணவர்களுக்கு இதை ஒரு கணக்காகக் கொடுத்தேன். இப்படிப்பட்ட மலைத் தோட்டத்தில் ஒரு ஹெக்டருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு, ஆண்டுக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் வேலை. நாளைக்கு எட்டு மணி நேரம் என்றால் எத்தனை நாள்? 125 நாள் என்று பிள்ளைகள் சொன்னார்கள். அது குறைந்தபட்சக் கணக்கு. இயந்திரம் ஓடும் சமவெளித் தோட்டத்துக்கு அதில் ஒரு சிறு பங்கு நேரமே போதும். ஆனால் கடையில் இரண்டு புட்டியும் ஒரே தட்டில் நிற்கும். வாங்குபவர் கண்ணுக்குக் கூடை தெரியாது.

நிரை பிடித்து மேட்டிலும் பள்ளத்திலும் பால் வெட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சமதளத்து நிரையும் மேட்டு நிரையும் ஒன்றல்ல என்பதை நம் முழங்காலே சொல்லும்.

நிலம் யாருடையது?

இந்த இடத்தில் அவர்களுக்கும் நமக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த மலைச்சரிவுகள் ஒரு காலத்தில் பிரபுக்களுக்கும் தேவாலயங்களுக்கும் சொந்தமாக இருந்தன. அவர்கள் நிலத்தைக் குடியானவர்களுக்குப் பரம்பரைக் குத்தகையாகக் கொடுத்தார்கள். குத்தகை ஒழுங்காகக் கட்டும் வரை அந்த நிலம் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும். பாறையை உடைத்துச் சுவர் கட்டியவனுக்கு, 'இந்தச் சுவரில் என் பேரனும் உட்காருவான்' என்ற நம்பிக்கை இருந்தது. காலப்போக்கில் அந்தத் துண்டு நிலங்கள் உழுதவர்களின் சொந்தமாயின. இன்றும் அங்கே பல குடும்பங்களிடம் இருப்பது ஒரு சிறு துண்டுதான். வாரநாளில் வேறு வேலைக்குப் போய்விட்டு, மாலையிலும் விடுமுறையிலும் சுவரேறிப் போகிறவர்கள் உண்டு.

நம் முன்னோரும் காட்டை வெட்டினார்கள்; மேட்டைப் படியாக்கினார்கள்; கான் வெட்டி நீரை வடித்தார்கள். ஆனால் வெட்டிய படியில் ஒரு சாண்கூட அவர்களுக்கு எழுதப்படவில்லை. தோட்டம் கைமாறி, துண்டாடப்பட்டு, வீடமைப்புத் திட்டம் வந்தபோது, மூன்று தலைமுறை குடியிருந்த லயத்தை விட்டு வெறுங்கையோடு வெளியேறியவர்கள் எத்தனை பேர்! இதைக் குறையாகப் புலம்புவதற்குச் சொல்லவில்லை. சுவர் ஏன் அங்கே பல நூறு ஆண்டு நின்றது என்பதற்கு, கல் அடுக்கிய திறமை மட்டும் காரணமல்ல. அடுக்கியவனுக்கு அதில் பங்கு இருந்ததும் காரணம்.

கை விட்டால் மலை இறங்கும்

அங்கேயும் கெட்ட காலம் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் திராட்சை இலையில் சாம்பல் பூத்த நோய் பரவியது. பின்னர் வேரைத் தின்னும் ஃபில்லோக்ஸெரா என்ற சிறு பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்து ஐரோப்பாவின் தோட்டங்களை அழித்தது. அந்தப் பூச்சிக்குத் தாக்குப்பிடிக்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் தங்கள் கொடியை ஒட்டுக்கட்டித்தான் மீண்டார்கள். ரப்பரில் ஒட்டு மரம் பார்த்த நமக்கு அந்த வித்தை புரியும். ஆனால் அதற்குள் பலர் கப்பலேறி அமெரிக்கக் கண்டத்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆலை வேலையும் நகர வாழ்வும் இளைஞர்களை இழுத்தன. ஒரு காலத்தில் பல ஆயிரம் ஹெக்டராக இருந்த வால்தெல்லீனாத் திராட்சை நிலம், இன்று ஆயிரம் ஹெக்டருக்கும் குறைவு.

ஆள் போன படியில் முதலில் புல் வரும்; பிறகு புதரும் மரமும் வரும். வேர் கல்லை நெம்பும். கான் அடைபடும். சுவர் மெல்ல வயிறு தள்ளும். பிறகு ஒரு பெருமழை.

1983 மே மாதத்தில் அப்படி ஒரு மழை பெய்தது. திரெசெந்தா என்ற ஊருக்கு மேலே, திராட்சைப் படிகள் இருந்த சரிவிலிருந்து மண்ணும் கல்லும் சேறாகப் பெயர்ந்து வீடுகளின் மேல் இறங்கின. பலர் மாண்டனர். படிகட்டிய மலையில் நீர் போகும் வழியைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை அந்தப் பள்ளத்தாக்கு அப்படித்தான் அறிந்தது.

நம் நாட்டிலும் இந்தப் பாடம் உண்டு. 1993 டிசம்பர் 11-ல் உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் கட்டடங்களுள் ஒன்று சாய்ந்து 48 பேர் உயிரிழந்தனர். பின்னால் இருந்த சரிவின் தாங்குசுவர்களும் நீர் வடிகாலும் சரியாக இல்லாததே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. படித்தவர்கள் கட்டிய சுவர்தான் அதுவும்.

மீட்கும் முயற்சி

வால்தெல்லீனா மக்கள் கைகட்டி உட்காரவில்லை. அளவால் சமவெளியோடு போட்டியிட முடியாது என்று கண்டு, தரத்தால் நின்றார்கள். 1998-ல் அவர்களுடைய ஒரு வகை மதுவுக்கும், பறித்த பழத்தை மாதக்கணக்கில் உலர்த்திச் செய்யும் இன்னொரு வகைக்கு 2003-லும், இத்தாலிய அரசின் மிக உயர்ந்த தரமுத்திரை கிடைத்தது. சில இடங்களில் பறித்த பழப்பெட்டிகளை ஹெலிகாப்டர் கட்டித் தூக்கிப் போகிறது. முதுகுக்கு ஓய்வு கிடைத்தது.

மலைத் திராட்சைக்காரர்களுக்காகவே 1987-ல் இத்தாலியின் ஆவோஸ்தா பள்ளத்தாக்கில் செர்விம் என்ற அமைப்பு உருவானது. 500 மீட்டருக்கு மேற்பட்ட உயரம், 30 விழுக்காட்டுக்கு மேற்பட்ட சரிவு, கற்படி நிலம், சிறு தீவு, இவற்றில் செய்யும் வேளாண்மைக்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் 'வீர வேளாண்மை'. 30 விழுக்காடு என்றால் 100 அடி முன்னே போக 30 அடி மேலே ஏறுவது. 2016-ல் இத்தாலி இயற்றிய சட்டத்திலும் இந்த வீரத் தோட்டங்களைக் காக்க வேண்டும் என்று ஒரு பிரிவு சேர்ந்தது. 2009-ல் எர்மான்னோ ஓல்மி என்ற புகழ்பெற்ற இயக்குநர், வால்தெல்லீனாவின் திராட்சைப் பாறைகளைப் பற்றி ஒரு படமே எடுத்தார்.

வீரம்! போர்க்களத்துக்கு மட்டுமே நாம் வைத்திருந்த சொல்லை அவர்கள் மண்வெட்டிக்கும் கூடைக்கும் கொடுத்தார்கள். என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது அதுதான்.

நம் வீட்டு வீரர்

முன்பு குறிப்பிட்ட பாட்டியின் பேரன் என் வகுப்பு மாணவன். 'என் குடும்பம்' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது அவன் எழுதியது எனக்கு நினைவிருக்கிறது: "என் பாட்டிக்கு ஒன்றும் தெரியாது. அவர் தோட்டத்தில் சாதாரண வேலை செய்தார்." அவன் மேல் குற்றமில்லை. நாம்தான் அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். "படிக்கலேன்னா மம்பட்டிதான்" என்று மிரட்டி வளர்க்கிறோம்.

பிள்ளைகள் படிக்கட்டும், முன்னேறட்டும். தோட்டத்திலேயே கிடக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். என் தகப்பனார் பால் வாளி தூக்கியதால்தான் நான் சுண்ணாம்புக்கட்டி பிடித்தேன். ஆனால் வேலையை விட்டு வெளியேறுவது ஒன்று. வேலையை இழிவென்று நினைப்பது வேறு. முன்னதில் முன்னேற்றம் உண்டு. பின்னதில், சுவருக்குத் துளை வேண்டும் என்ற அறிவும் சேர்ந்து தொலைகிறது.

அந்த வாரமே பாட்டியை வகுப்புக்கு அழைத்தேன். "எனக்கு என்னா தெரியும் சார்?" என்று கூசினார். திடலுக்கு அழைத்துப் போனோம். மழைநீர் எங்கிருந்து வரும், எங்கே தேங்கும், கான் எந்தச் சாய்வில் வெட்டினால் மண் அரிக்காது என்று காலால் கோடு கிழித்துக் காட்டினார். அரைமணி நேரம் ஒரு பிள்ளைகூட வாய் திறக்கவில்லை. பேரன் மட்டும் பாட்டியின் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான்.

இப்போது புதிய சுவர் எழும்பியிருக்கிறது. பின்னால் சல்லி போட்டு, வரிசையாகக் குழாய் வைத்திருக்கிறார்கள். போன வாரப் பெருமழையில் எல்லாக் குழாயிலும் நீர் கொட்டியது. வாசலில் நின்று பார்த்த பாட்டி, "இப்பதான் சுவரு மூச்சு விடுது" என்றார்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெரியவர் இருப்பார். இந்த வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர் பக்கத்தில் பிள்ளைகளை உட்கார வையுங்கள். எந்தத் தீம்பாரில் வேலை செய்தார், என்ன கருவி பிடித்தார், மழை வந்தால் என்ன செய்வார் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். அவர் வெட்டிய நிலம் நம் பெயரில் இல்லை. அவர் அறிந்த வித்தையாவது நம் பிள்ளைகள் கையெழுத்தில் இருக்கட்டும்.